பேசிக் கோர்ஸ் முடிந்தது, அடுத்து எது? அக்மி, ஃபைமர், மாஸ்டர்ஸ்: ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு மாலை. பிராக்டிகல் முடிந்து மாணவர்கள் போன பிறகு எங்கள் மருத்துவக் கல்லூரித் துறையின் உதவிப் பேராசிரியை ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நடுவில் கையெழுத்துக்காக அடுக்கி வைத்த 150 லாக்புக்குகள், மாணவர்கள் செய்து பழகிய திறன்களைப் பதியும் ஏடுகள். அடுக்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: "மேடம், பேசிக் கோர்ஸ் முடிச்சாச்சு. பி.சி.பி.ஆர். பரீட்சையும் பாஸ். அடுத்து அக்மி போகட்டுமா, ஃபைமருக்கு அப்ளை பண்ணட்டுமா? வீட்டுல வெளிநாட்டு மாஸ்டர்ஸே பண்ணிடுன்னு சொல்றாங்க."

பேசிக் கோர்ஸும் பி.சி.பி.ஆரும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் பதவி உயர்வுக்கு முடிக்க வேண்டிய குறும் படிப்புகள். அக்மி, ஃபைமர், மாஸ்டர்ஸ் மூன்றும் அவற்றைத் தாண்டி, மருத்துவம் கற்பிப்பதைப் பற்றி நாமாகத் தேர்ந்து படிப்பவை. நின்ற வாக்கில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி இல்லை அது. அன்று அவரிடம் சொன்னதையும், வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் அக்மி முடித்தவள். என்னோடு நெடுநாள் வேலை பார்த்த தோழி ஃபைமர் முடித்தவர். இன்னொரு நண்பர் தொலைநிலையில் டண்டீ பல்கலைக்கழகத்தில் படித்தவர். மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இருந்தாலும் நான் போன பாதையின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் அவசரமாகிறது என்றால், நமக்கு எம்.டி. படிக்கும்போது வகுப்பு நடத்தவும் சொல்லித்தரவில்லை, ஆட்களை நடத்தவும் சொல்லித்தரவில்லை. முன்பெல்லாம் இருபது வருடம் சீனியர்களின் நிழலில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் என்று புதிய கல்லூரிகள் வரும்போது, துறைப் பொறுப்பு முன்னைவிடச் சின்ன வயதிலேயே தோளில் ஏறுகிறது. டைம்டேபிள், தேர்வு, ஆய்வுக் குழு வருகை, மாணவர் புகார், டெக்னீஷியன் லீவு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதற்குத் தயார் செய்கிற படிப்பு எது என்பதுதான் என் அளவுகோல். சான்றிதழின் பெயர் எவ்வளவு நீளம் என்பது இல்லை.

முதலில் கட்டாயமானவை

தேசிய மருத்துவ ஆணையத்தின் தகுதி விதிகள்படி, உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக வேண்டுமென்றால் நான்கு வருட அனுபவம், இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், கூடவே இரண்டு படிப்புகள் தேவை. ஒன்று மருத்துவக் கல்வித் தொழில்நுட்பத்துக்கான பி.சி.எம்.இ.டி., அதாவது நாம் பேசிக் கோர்ஸ் என்பது. மற்றது ஆய்வு முறைகளுக்கான பி.சி.பி.ஆர். இவற்றில் தேர்வு செய்ய ஒன்றும் இல்லை, முடித்தே ஆக வேண்டும்.

பி.சி.பி.ஆர். பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்துகிறது. காணொலிப் பாடம், அசைன்மென்ட், கடைசியில் மையத்துக்குப் போய் எழுதும் பரீட்சை. பாடங்கள் சுருக்கம், தெளிவு. குழந்தை தூங்கின பிறகு உட்கார்ந்து முடித்துவிடலாம்.

பேசிக் கோர்ஸ் வேறு மாதிரி. மூன்று நாள், முப்பது பேருக்கு மிகாத குழு, பெரும்பாலும் சொந்தக் கல்லூரியிலேயே. "உட்கார்ந்துட்டு வந்தா சர்ட்டிஃபிகேட்" என்று அதை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நான் கலந்துகொண்ட தடவை மைக்ரோ டீச்சிங்கில், அதாவது சக ஆசிரியர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திக் காட்டும் பயிற்சியில், ஒரு மூத்த அறுவை சிகிச்சைப் பேராசிரியர் முடிச்சுப் போடுவதை நடத்திக் காட்டினார். முப்பது வருட அனுபவம், கை மின்னல் மாதிரி ஓடுகிறது. ஆனால் முதுகு எங்கள் பக்கம். முடிந்ததும் கருத்துச் சொல்லும் முறை வந்தது. உயிர்வேதியியலில் அப்போதுதான் சேர்ந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி, "சார், உங்க கை எங்களுக்குத் தெரியல" என்றார். அறையே அமைதி. அவர் ஒரு நொடி நின்றார். நூலை அவிழ்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, மெதுவாக, முதலில் இருந்து மறுபடி போட்டுக் காட்டினார். படிநிலை ஊறிப்போன நம் கல்லூரிகளில் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் குறை சொல்லவும், மேலே இருப்பவர் அதைக் கேட்டுத் திருந்தவும் இடம் கொடுத்த அறை அது ஒன்றுதான். நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனாலும் அது மூன்று நாள். நாலாவது நாள் காலை எட்டு மணிக்குப் பழைய பவர்பாயிண்ட்டோடு பழைய வகுப்புக்குப் போய்விடுவோம். உண்மையான தேர்வு இதற்குப் பிறகுதான் வருகிறது.

அக்மியும் ஃபைமரும்

அக்மி என்பது பேசிக் கோர்ஸுக்கு அடுத்த கட்டமாக, ஆணையம் பொறுப்புக் கொடுத்திருக்கும் நோடல் மையங்களில் நடக்கும் மேம்பட்ட படிப்பு. வேலூர் சி.எம்.சி. அப்படி ஒரு மையம். ஃபைமர் என்பது ஃபிலடெல்ஃபியாவில் 2000ல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை; அதன் வட்டார மையங்கள் மும்பை சேத் ஜி.எஸ். கல்லூரியிலும் லூதியானா சி.எம்.சி.யிலும் கோவை பி.எஸ்.ஜி.யிலும் உருவாயின. நம் ஊர்க்காரர்கள் ஃபைமர் என்றாலே மனதில் வைத்துப் பேசுவது கோவை மையம் நடத்தும் படிப்பைத்தான்.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி. இரண்டிலும் நேரடி அமர்வு உண்டு. பிறகு சொந்தக் கல்லூரிக்குத் திரும்பி ஒரு கல்வித் திட்டத்தை நடத்த வேண்டும். இடையில் மாதந்தோறும் ஆன்லைன் விவாதம். முடிவில் மறுபடி கூடி முடிவுகளை வைக்க வேண்டும். இந்த ஒற்றுமைக்குள்தான் வித்தியாசம் இருக்கிறது.

அக்மிக்குக் கல்லூரிதான் உங்களை அனுப்புகிறது. டீன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஆள் என்பதால், திரும்பி வந்து ஏதாவது மாற்றம் கேட்டால் "ஆணையமே சொல்லியிருக்கு" என்ற பலம் பின்னால் இருக்கும். ஓ.டி., அதாவது வெளியூர் போன நாட்களையும் பணி நாளாகக் கணக்கிடும் அனுமதி, வாங்குவதும் சுலபம். முகத்தைக் காட்டிப் பதியும் வருகையில் 75 சதவீதம் காட்ட வேண்டிய இந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பாடமும் நம் பாடத்திட்டத்தை ஒட்டியே இருக்கும். 2019ல் வந்த திறன்சார் பாடத்திட்டம், அதன் மதிப்பீடு, மனப்பான்மையும் நெறிமுறையும் பேசும் விதமும் சொல்லித்தரும் ஏட்காம் வகுப்புகள் என்று திங்கட்கிழமை காலையே பயன்படுத்தக் கூடியவை.

ஃபைமர் இரண்டு வருடம். அதற்குக் கல்லூரியின் ஆதரவுக் கடிதம் வேண்டும். ஆனால் நீங்களாக விண்ணப்பித்து, உங்கள் திட்டத்தைச் சொல்லி, தேர்வாக வேண்டும். பல் மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி ஆசிரியர்களும் அதே அறையில் இருப்பார்கள். கற்பித்தல் முறைகளுக்கு ஈடாகத் தலைமையும் நிர்வாகமும் வெளிப்படையாகப் பாடமாகவே வரும்: ஒரு மாற்றத்தால் யாருக்கு என்ன லாபம், யார் தடுப்பார்கள், அவர்களிடம் எப்படிப் போவது, முரண்பாட்டை எப்படிக் கையாள்வது என்று. எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் வருட ஏற்பாடு. முதல் வருடம் கற்றவர்கள், இரண்டாம் வருடம் புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். என் தோழியிடம் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். முன்பு துறைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர், கோவையில் இருந்து இரண்டாம் தடவை திரும்பிய பிறகு, பேசாமல் இருக்கும் மற்றவர்களைப் பேச வைக்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அவருக்குச் சிக்கல் வந்தால் தன் பேட்ச்சில் யாருக்காவது ஃபோன் போடுவார். நான் அக்மி பேட்ச்சில் இரண்டு பேரோடுதான் தொடர்பில் இருக்கிறேன்.

தலைமைப் பயிற்சி என்று மட்டும் பார்த்தால் ஃபைமர் ஒரு படி மேலே. மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டிலும் உங்களை வளர்ப்பது அந்தத் திட்டம்தான். என் திட்டம் முதலாண்டு மாணவர்களின் ரத்த அழுத்தப் பிராக்டிகல். ஒரு மணி நேரத்தில் நாங்கள் செய்து காட்டுவோம், அவர்கள் ஜோடி ஜோடியாகக் காதில் ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு ஏதோ ஓர் எண்ணை எழுதுவார்கள். அதை மாற்றி, ஒருவர் செய்ய இன்னொருவர் செக்லிஸ்ட் வைத்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அமைத்தேன். அதற்கு இன்னொரு மணி நேரம் தேவைப்பட்டது. அந்த நேரம் உடற்கூறியல் துறையிடம் இருந்தது. மூன்று முறை அவர்கள் எச்.ஓ.டி.யின், அதாவது துறைத் தலைவரின், அறைக்குப் போனேன். முதல் முறை என் திட்டத்தின் அருமையை விளக்கினேன்; பொறுமையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை விதியைக் காட்டினேன், முகம் இறுகிப்போனது. மூன்றாம் முறை, "சார், உங்களுக்கு எந்த நேரம் இழுபறியா இருக்கு?" என்று கேட்டேன். டிசெக்‌ஷனுக்குச் சனிக்கிழமை நேரம் பற்றவில்லை என்றார். எங்கள் சனிக்கிழமை டுடோரியலைக் கொடுத்துவிட்டு அவருடைய வியாழக்கிழமை மணியை வாங்கிவந்தேன். புள்ளிவிவரம் எல்லாம் பிறகுதான். எனக்குக் கிடைத்த முதல் தலைமைப் பாடம் அந்த ஒரு மணி நேரம்.

இன்னொரு நடைமுறை லாபமும் உண்டு. இந்தத் திட்டத்தை முறையான ஆய்வாக, நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொண்டு செய்தால், பதவி உயர்வுக்கான கட்டுரையாகவும் ஆக்கலாம். முடித்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது.

மாஸ்டர்ஸ் யாருக்கு?

மருத்துவத் துறைக் கல்வியில் முதுநிலைப் பட்டம் என்றால் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்தின் டண்டீ ஆகிய பெயர்கள் முதலில் வரும். மாணவர் ஒவ்வொரு மேசையாகப் போய்த் திறனைச் செய்து காட்டும் ஆஸ்கி தேர்வு முறையை 1975ல் உலகத்துக்குச் சொன்னது டண்டீ. வேலையை விடாமல் பெரும்பகுதியைத் தொலைநிலையிலேயே படிக்கலாம். டண்டீயில் சான்றிதழ், டிப்ளமா, பட்டம் என்று படிப்படியாக ஏறலாம், நடுவில் நிறுத்தினாலும் கையில் ஒன்று மிஞ்சும்.

இதன் ஆழத்துக்கு மற்ற இரண்டும் ஈடாகாது. ஏன் இப்படிக் கற்கிறோம், ஒரு தேர்வின் மதிப்பெண்ணை எந்த அளவு நம்பலாம் என்பதை அடிவரை தோண்டுவார்கள். கல்வி ஆய்வையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் கட்டணம் அந்த நாட்டுப் பணத்தில். அதைவிட முக்கியம், உங்கள் கட்டுரையைத் திருத்துகிறவருக்கு நம் கல்லூரி வராண்டா தெரியாது. என் நண்பர் பிரமாதமான மதிப்பீட்டுத் திட்டம் ஒன்றை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினார். அதைத் தன் கல்லூரியில் ஒரு துறையில்கூட அவரால் நடத்த முடியவில்லை, யாரிடம் முதலில் பேசுவது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. அவர் அறிவில் குறை இல்லை. வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். அக்மியோ ஃபைமரோ முடித்து இரண்டு வருடம் சொந்தக் கல்லூரியில் முட்டி மோதிவிட்டு மாஸ்டர்ஸ் போகிறவர்கள், கேள்விகளோடு போகிறார்கள்.

யாரும் விளம்பரம் செய்யாத நாலாவது வழி

எம்.இ.யூ. என்று நாம் சொல்லும் மருத்துவக் கல்வி அலகில் உறுப்பினராகச் சேருவதைப் பலர் தண்டனை மாதிரி பார்க்கிறார்கள். கூடுதல் சம்பளம் இல்லை, சார்ட் ஒட்டுவதில் இருந்து சாப்பாடு சொல்வது வரை நம் தலையில். நான் இதை மனமார சிபாரிசு செய்கிறேன். எல்லாத் துறை ஆட்களோடும் பேசிப் பழக வேறு எங்கே வாய்ப்பு? அக்மிக்கு ஆள் தேடும்போது டீன் கண்ணில் முதலில் படுகிறவர்களும் இவர்கள்தான்.

பெண் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. வெளியூர் அமர்வு என்றதும் முதலில் பின்வாங்குவது நாம்தான், காரணத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிப் பெண் பேராசிரியர்களின் தலைமைப் பயிற்சிக்கென்றே 1995 முதல் இலாம் என்ற திட்டம் நடக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது. நமக்குக் கையில் இருப்பது அக்மியும் ஃபைமரும். சிறு குழந்தை இருக்கும் வருடங்களில் அக்மியின் குறுகிய காலம் தாங்கும். ஃபைமரை இரண்டு வருடம் தள்ளிப் போட்டால் குடி முழுகிவிடாது. விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எங்கள் உதவிப் பேராசிரியைக்கு மூன்று வயதுக் குழந்தை. பணியில் சேர்ந்து மூன்று வருடம். துறையைத் தாண்டி யாரையும் பழக்கமில்லை. அதனால் இந்த வருடம் எம்.இ.யூ., அடுத்த வருடம் அக்மி, பிறகு ஃபைமர் என்று சொன்னேன். "திட்டத்துக்குத் தலைப்பே இல்லையே மேடம்" என்றார்.

நான் அந்த லாக்புக் அடுக்கைக் காட்டினேன். ஒவ்வொரு திறனுக்கும் எதிரே மதிப்பீட்டுக் கட்டம் உண்டு: எதிர்பார்ப்புக்குக் கீழே, சரியாக, மேலே. அடுத்த கட்டத்தில் முடித்தாரா, மறுபடி செய்ய வேண்டுமா, கூடுதல் பயிற்சி வேண்டுமா. அதற்கும் அடுத்து, கருத்துச் சொன்னோமா என்ற கட்டம். அவர் ஒன்றைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார். பத்து லாக்புக் பார்த்தார். எல்லாருக்கும் "சரியாக", எல்லாருக்கும் "முடித்தார்". கருத்துக் கட்டம் காலி. பாதிக் கையெழுத்து என்னுடையது.

"இதையே எடுக்கலாமா?" என்றார்.

உயிர்வேதியியல் எச்.ஓ.டி.யும் இதில் சேர வேண்டியிருக்கும், அவர் காலையில் பதினொரு மணிக்கு மேல் அறையில் இருப்பார், முதலில் அவர்கள் லாக்புக்கில் என்ன சிக்கல் என்று கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.