தொட்டியில் பிழைக்காத கடல் மீன்கள்: தடைப் பட்டியலா, அனுமதிப் பட்டியலா?

பவளப்பாறைகளில் ஹார்லிக்வின் ஃபைல்ஃபிஷ் என்றொரு சிறு மீன் வாழ்கிறது. பச்சை கலந்த நீல உடம்பு, வரிசை வரிசையாக ஆரஞ்சுப் புள்ளிகள், நீண்டு குவிந்த வாய். அந்த வாய் அக்ரோபோரா என்ற பவளத்தின் பாலிப்புகளை, அதாவது பவளத்தைக் கட்டும் சிறு உயிர்களை, கொத்தித் தின்பதற்கென்றே அமைந்தது. கடையில் வாங்கிவந்து தொட்டியில் விட்டால், நாம் போடும் குருணைத் தீவனத்தைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. சில வாரங்களில் வயிறு ஒட்டிச் செத்துப்போகும். அதற்குள் வாங்கியவர் உப்பின் அளவைச் சோதித்திருப்பார், தண்ணீரை மாற்றியிருப்பார், நோய் என்று நினைத்து மருந்தும் ஊற்றியிருப்பார். மீனுக்கு நோய் எதுவும் இல்லை; பட்டினி.

இத்தகைய மீன்கள் இரண்டு ரகம். ஒன்று, தொட்டியில் தின்னாதவை: ஃபைல்ஃபிஷ், மூரிஷ் ஐடல், உயிருள்ள பவளத்தையே நம்பி வாழும் சில வண்ணத்துப்பூச்சி மீன்கள், பிற மீன்களின் மேலிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்னும் கிளீனர் ராஸ். மற்றது, நன்றாகத் தின்று தொட்டிக்கு அடங்காமல் வளர்பவை. வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகளோடு குட்டியாக விற்கப்படும் பாந்தர் களவா ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் வரை வளரும். நர்ஸ் சுறா மூன்று மீட்டர்வரை போகும். வரவேற்பறைத் தொட்டியின் நீளமோ நான்கடி.

கிளீனர் ராஸ் விஷயத்தில் கேடு இரட்டிப்பு. ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவருகே சில சிறு பாறைத்திட்டுகளிலிருந்து இந்த மீனை எட்டாண்டுகளுக்கும் மேலாக அகற்றிவந்து ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்தத் திட்டுகளில் மற்ற மீன்களின் எண்ணிக்கையும் குறைந்தது, வகைகளும் குறைந்தன. தொட்டியில் அது வீணாகச் சாகிறது. அது விட்டுவந்த பாறையும் நலிகிறது.

வியாபாரத்தின் அளவு சிறியதல்ல. ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் உலகச் சந்தையில் கைமாறுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2003 அறிக்கை மதிப்பிட்டது. 2004-05இல் ஒரே ஆண்டில் அமெரிக்கா மட்டும் சுமார் 1,800 இனங்களைச் சேர்ந்த 1.1 கோடி மீன்களை இறக்குமதி செய்தது. இத்தனை இனங்களில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று யார் வகுப்பது, எப்படி வகுப்பது? நாடுகள் வெவ்வேறு வழிகளில் முயன்றிருக்கின்றன. அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வியாபாரிகளின் மனச்சாட்சிக்கே விட்டுவிடுவது முதல் வழி. இதன் மிக ஒழுங்கான வடிவம் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய மரைன் அக்வேரியம் கவுன்சில். பிடிப்பவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் என ஒவ்வொரு கண்ணிக்கும் தரச்சான்று வழங்கும் திட்டம் அது. வந்து இறங்கும்போது செத்திருப்பவை ஓர் இனத்துக்கு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது, இறங்கியபின் அங்கே சாவதும் அதே அளவைத் தாண்டக் கூடாது என்று கறாரான வரம்பு வைத்தார்கள். நல்ல நோக்கம்தான். பத்தாண்டு அளவில் அமைப்பே ஓய்ந்துபோனது.

அது நீடித்திருந்தாலும் நம் சிக்கல் தீர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்தக் கணக்கு கடை வாசலோடு முடிகிறது. சயனைடு நஞ்சால் மயக்கிப் பிடித்ததையும், பையில் ஆக்சிஜன் போதாமல் மூச்சு முட்டியதையும் அது காட்டிக்கொடுக்கும். பட்டினி அப்படியல்ல. பவளம் தின்னும் மீன் விமானத்தில் ஏறி, இறங்கி, கடையில் சில நாள் நின்று, விற்பனையாகி, வீட்டுக்கு வந்தபிறகே சாகிறது. 'உயிரோடு வந்து சேரும்' என்று மட்டும் உத்தரவாதம் தரும் கடைக்காரருக்கு அதில் ஒரு ரூபாய் நட்டமில்லை. நட்டம் இல்லாத இடத்தில் சந்தை தானாகத் திருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. சட்டம் உள்ளே வரவேண்டிய காரணமே இதுதான்.

வாங்குபவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விற்கலாம் என்பது இரண்டாம் வழி. இங்கிலாந்து இந்தப் பக்கம் சாய்ந்தது. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு மீன் உட்பட எந்த முதுகெலும்புள்ள உயிரையும் விற்பதைத் தடுக்கிறது. 2018இன் உரிம விதிகளின்படி, விற்கும் பிராணிக்கு என்ன தீனி, எவ்வளவு இடம், என்ன பராமரிப்பு என்பதைக் கடைக்காரர் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். அளவு மீறி வளரும் மீன்கள் விஷயத்தில் இது உண்மையிலேயே உதவும். 'இது 70 சென்டிமீட்டர் வளரும்' என்று தொட்டியின் மேல் எழுதி ஒட்டியிருந்தால் பாதிப் பேர் பர்ஸை மூடிவிடுவார்கள். ஆனால் தின்னாத மீனுக்குத் தகவல் சோறு போடாது. 'கைதேர்ந்தவர்களுக்கு மட்டும்' என்ற சீட்டு சிலருக்கு எச்சரிக்கையாகப் படுவதில்லை, சவாலாகவே படுகிறது.

தகவல் சொல்பவருக்கே தகவல் தெரிந்திருக்க வேண்டுமே என்பது இன்னொரு சிக்கல். சென்னையில் ஒரு கடையில் மூரிஷ் ஐடல் ஒன்றைப் பார்த்தேன். பக்கவாட்டில் பார்க்கும்போது கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கம்பீரமாக இருந்தது. நேரெதிரே குனிந்து பார்த்தபோதுதான் கண்ணுக்குப் பின்னால் முதுகை ஒட்டிய சதை உள்வாங்கி, உடம்பு கத்தி விளிம்பு போல மெலிந்திருந்தது தெரிந்தது. சாப்பிடுகிறதா என்று கேட்டேன். "இரண்டு நாளில் பழகிவிடும் அண்ணா" என்றார் கடையில் இருந்த பையன். கொஞ்சம் போட்டுக் காட்டச் சொன்னேன். இறால் துணுக்குகள் அதன் முகத்துக்கு முன்னால் மெல்ல இறங்கி அடியில் படிந்தன. மீன் கண்ணாடியோரமாகவே போய்வந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மொத்த வியாபாரி அவரிடம் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார்.

அடுத்தது தடைப் பட்டியல்: இன்னின்ன மீனை விற்கக் கூடாது, மற்றதெல்லாம் விற்கலாம். கேட்பதற்கு எளிது, அரசுகளுக்கும் பிடித்த வழி. இலங்கை 1998இல் கொண்டுவந்த உயிர்மீன் ஏற்றுமதி இறக்குமதி விதிகள் சில இனங்களை அடியோடு தடுத்து, வேறு சிலவற்றுக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கின. இந்தியாவில் நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். தடைப் பட்டியல் எங்கே சறுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

2017 மே மாதம் மத்திய அரசு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மீன்தொட்டிக் கடைகளுக்கு விதிகளை வெளியிட்டது. 158 இனங்களுக்குத் தடை. வண்ணத்துப்பூச்சி மீன்கள் அதில் இருந்தன. அவற்றோடு கோமாளி மீன்களும் இருந்தன. கோமாளி மீனோ மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் குஞ்சு பொரிக்க வைத்து, அந்தத் தொழில்நுட்பத்தை வளர்ப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்த மீன். தொட்டியிலேயே பிறந்து, தீவனம் தின்று, தொட்டியிலேயே முட்டையிடும் மீன். அரசின் ஒரு கை வளர்க்கச் சொல்கிறது, இன்னொரு கை விற்காதே என்கிறது. அலங்கார மீன் வளர்ப்போர் கொதித்தெழுந்தார்கள். சில மாதங்களில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. தவறான பெயர்களோடு சரியான பெயர்களும் அடித்துக்கொண்டு போயின. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், பறவை போன்றவற்றைச் சொல்கின்றன. மீன் அவற்றில் இல்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2001இல் கடல் குதிரை, கடல் அட்டை, பவளங்கள், ராட்சதக் களவா ஆகியவை மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் அதன் முதல் அட்டவணைக்குள் வந்தன. மன்னார் வளைகுடாவில் அதன் பயன் பெரிது. ஆனால் அந்தச் சட்டம் கேட்கும் கேள்வி, இந்த இனம் கடலில் அழிந்துவிடுமா என்பது. நாம் கேட்பது, இந்த மீன் வீட்டில் பிழைக்குமா என்று. பவளம் தின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் கடலில் ஏராளமாக இருக்கலாம். தொட்டியில் அத்தனையும் சாகும். அதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

தடைப் பட்டியலின் அடிப்படைக் கோளாறு வேறு. எழுதாமல் விட்டதெல்லாம் அனுமதிக்கப்பட்டதாகிவிடுகிறது. வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தில் ஆரிகா வகை இறாலும் புழுவும் தின்று ஆண்டுக்கணக்கில் வாழும். மெயர்ஸ் வகை பவளத்தைத் தவிர வேறெதையும் அனேகமாகத் தொடாது. குடும்பத்தையே தடுத்தால் முன்னதற்கு அநியாயம். இனம் இனமாகத் தடுத்தால், ஒன்றைத் தடுத்ததும் அதன் ஒன்றுவிட்ட சகோதரம் அடுத்த பெட்டியில் வந்து இறங்கும். சட்டம் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அனுமதிப் பட்டியல் இதைத் தலைகீழாகத் திருப்புகிறது. பட்டியலில் உள்ளதை மட்டும் விற்கலாம். இது பிழைக்கும் என்று நிரூபிப்பது விற்க விரும்புபவரின் பொறுப்பு. பெல்ஜியம் வளர்ப்புப் பாலூட்டிகளுக்கு இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நார்வே 2017இல் ஊர்வனவற்றின் மீதிருந்த பொதுத் தடையைத் தளர்த்தி 19 இனங்களை மட்டும் அனுமதித்தது. கடல் மீனுக்கே உதாரணம் வேண்டுமென்றால் ஹவாயின் மேற்குக் கரை. அங்கே 2013 இறுதியிலிருந்து 40 இனங்களை மட்டும்தான் தொட்டிக்காகப் பிடிக்கலாம் என்றாக்கினார்கள். அதன் நோக்கம் பாறையில் மீன்வளம் குறையாமல் காப்பது. அதே கருவியைத் தொட்டிப் பிழைப்புக்கும் பயன்படுத்த முடியும்.

நமக்கும் இது புதிதல்ல. வெளிநாட்டு அலங்கார மீன்களின் இறக்குமதிக்கு இந்தியா ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. நோயும் அந்நிய இனமும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. துறைமுகத்தில் சாத்தியமானது கடையில் ஏன் சாத்தியமாகக் கூடாது?

தொட்டியில் பிறந்ததை மட்டும் விற்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் நாளுக்கு நாள் கூடுகிறது. 2015இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் மஞ்சள் டாங் மீனைக் குஞ்சிலிருந்து வளர்த்துக் காட்டியது. மாண்டரின் மீன் இன்னும் சுவையான சான்று: கடலில் பிடித்தது நுண்ணிய உயிர்களையே தேடிப் பட்டினியில் சாகும், பண்ணையில் பிறந்தது சிறு வயதிலேயே குருணைத் தீவனத்துக்குப் பழக்கப்பட்டிருக்கும். ஒரே இனம், பிறப்பிடம் மாறியதும் விதி மாறுகிறது. ஃபைல்ஃபிஷைக்கூடக் கைதேர்ந்த சிலர் தீவனத்துக்குப் பழக்கிக் குஞ்சும் பெற்றிருக்கிறார்கள். எனவே எந்தப் பட்டியலும் கல்வெட்டாக இருக்கக் கூடாது.

ஆனாலும் இதை மட்டுமே விதியாக்க எனக்குச் சம்மதமில்லை. பண்ணையில் பிறந்த சுறாவும் வளரத்தான் செய்யும். அதோடு, இலங்கையின் கிழக்குக் கரையில் முக்குளித்துக் கைவலையால் மீன் பிடித்துப் பிழைப்பவர் இருக்கிறார். பாறை உயிரோடிருந்தால்தான் அவருக்கு வருமானம். தொட்டியில் நன்றாக வாழும் டாம்சல் மீனை அவர் பிடிப்பதைத் தடுத்து, அவரை வேறு வேலைக்குத் துரத்துவதால் பாறைக்கு ஒரு காவலர் குறைவார்.

என் தேர்வு அனுமதிப் பட்டியல். அதில் நுழைய ஒவ்வோர் இனமும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: சாதாரண வளர்ப்பாளர் வாங்கக்கூடிய தீனியைத் தின்கிறதா? முழு வளர்ச்சியிலும் வீட்டில் வைக்கக்கூடிய தொட்டியில் அடங்குமா? தின்னாத இனம் என்று வெளியே நிற்கும் மீன், பண்ணைச் சான்றோடு வந்தால் உள்ளே வரலாம். இந்தியாவில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் நன்னீர்த் தொட்டிக்காரர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிலர். சந்தை சிறியதாக இருக்கும்போதே பட்டியல் போடுவது சுலபம். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடல் ஆய்வு நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் இந்த மீன்களோடு வாழ்ந்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். முதல் வரைவை அவர்களிடம் கேட்டு வாங்கலாம். மே 2017இல் அவர்கள் சொல்லைக் கேட்டிருந்தால் கோமாளி மீன் அந்த 158க்குள் போயிருக்காது.

கடைக்கு இரண்டே கட்டளைகள் போதும். வாங்குபவர் கேட்டால் அவர் கண்முன் மீனுக்குத் தீனி போட்டுக் காட்ட வேண்டும். தின்னாத மீன் அன்று விற்பனைக்கில்லை. முழு வளர்ச்சியின் நீளத்தை விலைச் சீட்டிலேயே எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் போட்டு, பஸ் பார்சலில் மீன் அனுப்புபவரும் இந்த விதிக்குள் வரவேண்டும். பட்டியலில் இல்லாத மீனை விளம்பரம் செய்வதே குற்றம் என்றாக்கினால், மாநில மீன்வளத் துறை அதிகாரி தொட்டி தொட்டியாக இனம் கண்டுபிடித்துத் திரிய வேண்டியதில்லை. விற்பவர் தாமே போட்ட படம் போதும்.