மைனஸ் மூன்று, வெள்ளெழுத்து, ப்ரோகிரஸிவ்: பல வருஷக் கண்ணாடி அனுபவம்

தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸில் பவர் வைத்த ப்ரோகிரஸிவ் கண்ணாடி வாங்கலாமா, லேசரால் கருவிழியைச் சீவிக் கண் பவரைக் குறைக்கும் லாசிக் பண்ணலாமா என்று கேட்கிறவர்கள், முதலில் ஒரு நாளில் எதை எதை எவ்வளவு தூரத்தில் பார்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையில் கணக்கு வேலை. பில் புத்தகம் கைக்குக் கீழே, கம்ப்யூட்டர் அதற்குக் கொஞ்சம் தள்ளி, எலக்ட்ரானிக் தராசின் சிவப்பு எண்கள் மேசைக்கு அந்தப் பக்கம், நடுவில் யாராவது ஷீட் கொண்டுவந்தால் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அழுக்கும் குமிழும் பார்த்து நாலாம் தரமா ஐந்தாம் தரமா என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் திருவட்டார் வழியாக பைக்கில் வீடு. பள்ளிக்கூடத்திலிருந்தே கண்ணாடிதான், இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்று, அதாவது தூரத்தில் இருப்பது மங்கும் கிட்டப்பார்வை. நாற்பது தாண்டியதும், அந்தக் கண்ணாடியோடு கிட்டத்து எழுத்தைப் படிக்க முடியாத வெள்ளெழுத்தும் வந்து சேர்ந்தது.

கல்லூரி முடித்த புதிதில் காண்டாக்ட் லென்ஸ் போட்டேன். பார்வை என்றால் அதுதான் பார்வை, ஓரம் வரைக்கும் தெளிவாகத் தெரியும், மழையில் துடைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்ம ஊர் ஆட்களுக்கு அதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. குளத்திலும் கால்வாயிலும் குளித்துப் பழகியவர்கள் நாம், திற்பரப்பு போனால் அருவியில் தலையைக் கொடுக்காமல் திரும்ப மாட்டோம். லென்ஸோடு அந்தத் தண்ணீர் கண்ணுக்குள் போகவே கூடாது. அகந்தமீபா என்ற கிருமி குளத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஏன், குழாய்த் தண்ணீரில்கூட இருக்கலாம், கருவிழியில் புண் உண்டாக்கினால் ஆற்றுவது பெரும்பாடு. லென்ஸைத் தண்ணீரில் கழுவுவது, பழைய சொல்யூஷன் மேலேயே புதுசை ஊற்றுவது, போட்டபடி தூங்குவது, மூன்றும் கூடாது. அப்புறம் ஆரல்வாய்மொழிக் காற்று. திருநெல்வேலிக்கு பைக்கில் போனால் முப்பந்தல் தாண்டுவதற்குள் லென்ஸ் காய்ந்து கண்ணில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் மட்டும் வேண்டும் என்றால், ஒரே நாளில் தூக்கி எறியும் லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லாசிக் விசாரித்தது முப்பதுகளின் கடைசியில். கருவிழியின் தடிமன், மேடுபள்ளம் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். சராசரித் தடிமன் 540 மைக்ரான் அளவு, அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதைச் சீவித்தான் லேசர் பவரைக் குறைக்கிறது, அதனால் மெல்லிய கருவிழிக்காரர்களையும், கருவிழி கூம்பிக்கொண்டு வருகிறவர்களையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தகுதி இருந்தது. ஆனால் டாக்டர், லாசிக் செய்துகொண்டாலும் இன்னும் சில வருஷத்தில் படிக்கத் தனிக் கண்ணாடி எப்படியும் வேண்டிவரும் என்றார். லேசர் வேலை செய்வது கருவிழியில், வெள்ளெழுத்து வருவது உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகிப்போவதால், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மைனஸ் மூன்றுக்குக் கண்ணாடியைக் கழற்றினால் 33 செ.மீ. தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், ஒரு மீட்டரை மூன்றால் வகுத்த கணக்குதான். மருந்துப் பட்டையின் பொடி எழுத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான்தான் படித்துச் சொல்கிறேன். லாசிக் செய்தால் இந்த வசதி போய்விடும், அதை ஏன் காசு கொடுத்து இழப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் குளச்சலில் இருக்கும் என் சித்தப்பா மகன் கதை வேறு. போட்டில் போகிறவன், கண்ணாடியில் உப்புத் தண்ணீர் தெறித்தால் துடைக்கவும் வழியில்லை. இருபதுகளில், பவர் ஏறாமல் நின்ற பிறகு லேசர் சிகிச்சை செய்துகொண்டான், கொஞ்ச மாதம் கண் உலர்ச்சிக்குச் சொட்டு மருந்து விட்டதோடு சரி, ரொம்பத் திருப்தி. கண்ணில் அடிபட வாய்ப்புள்ள வேலை என்பதால் கருவிழியின் மேல் அடுக்கை மூடி மாதிரி மடலாக வெட்டித் திறக்கும் லாசிக் இல்லாமல், மடல் இல்லாத பி.ஆர்.கே. முறையில் செய்தார்கள். அதில் ஆறுகிறவரை வலி கூட, பார்வை தெளியவும் நாளாகும்.

இப்போது ப்ரோகிரஸிவ். முதல் ஜோடியை மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ஏழாயிரம் சொச்சம் கொடுத்து எடுத்தேன். போட்ட அன்றே தராசு எண்கள் நெளிந்தன, ஸ்க்ரீனைப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டியிருந்தது, மத்தியானத்துக்குள் பிடரி வலி. கடையில் கேட்டால் "ரெண்டு வாரத்துல பழகிரும் அண்ணே" என்றார்கள். பழகவில்லை. நாகர்கோவிலில் இன்னொரு இடத்தில் காட்டியபோது, அங்கே இருந்த பெண் லென்ஸில் வாயால் ஊதினார். ஆவி படிந்ததும் இரண்டு சின்ன வட்டங்கள் தெரிந்தன, காது பக்கத்து வட்டத்துக்குக் கீழே கிட்டப் படிப்பதற்குக் கூட்டிய பவரின் எண். ப்ரோகிரஸிவ் லென்ஸில் இந்தக் குறி பொறித்திருக்கும், அதை வைத்து லென்ஸ் கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். என்னுடையது உட்காரவில்லை. பவர் சரி, இடம் தப்பு.

அவர் அளவெடுத்த விதத்தைச் சொல்கிறேன், நீங்கள் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். முதலில் ஃப்ரேமை என் மூக்குக்கும் காதுக்கும் வளைத்துச் சரியாக உட்கார வைத்தார். பிறகு எனக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் உட்கார்ந்து, "அண்ணா, எப்பவும் போல சாதாரணமா இருங்க, என் கண்ணைப் பாருங்க" என்று சொல்லி, டம்மி கண்ணாடியில் என் கருமணிக்கு நேராக மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தார். மூக்கின் நடுவிலிருந்து வலது கண் 31 மி.மீ., இடது கண் 33 மி.மீ. பழைய கடையில் மொத்தம் 64 என்று ஸ்கேலில் அளந்து இரண்டாக வகுத்துவிட்டார்கள் போல, ஃப்ரேமில் கருமணி எந்த உயரத்தில் வருகிறது என்று அளக்கவே இல்லை. ப்ரோகிரஸிவில் மேலே தூரப் பவர், கீழே படிக்கும் பவர், இடையில் ஒடுங்கிய ஒரு பாதை, இரண்டு பக்கமும் கலங்கல். அந்தப் பாதை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே கலங்கல் வழியாகப் பார்க்கிறோம். அதே பவரில் எடுத்த இரண்டாவது ஜோடியை வருஷக்கணக்காகப் போடுகிறேன், தாடை தூக்கும் வேலையே இல்லை. கம்பெனிப் பெயரைப் பார்த்து இரட்டை விலை கொடுப்பதை விட, இப்படி அளக்கத் தெரிந்த ஆள் இருக்கும் கடையாகப் பார்த்துப் போவது மேல்.

பைக்குக்கு மட்டும் பழைய ஒற்றைப் பவர் கண்ணாடிதான். ஹெல்மெட் ஃப்ரேமைத் தூக்கிவிடும், அப்புறம் சாலை படிக்கும் பவர் வழியாக மங்கலாகத் தெரியும், ஜூன் மழையில் அது வேண்டாத வேலை.

கடையில் தலையில் கட்டப் பார்ப்பவற்றில் 1.67 என்று எண் சொல்லி விற்கும் மெல்லிய லென்ஸ் மைனஸ் மூன்றுக்குத் தேவையில்லை, ஃப்ரேமைச் சின்னதாக எடுத்தாலே ஓரம் மெல்லிசாகிவிடும். ஸ்க்ரீனின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் ப்ளூ கட் லென்ஸும் வேண்டாம். மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வில் 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தும், சாதாரண லென்ஸை விடக் கண் அசதியை அது குறைப்பதாகத் தெரியவில்லை. பிரதிபலிப்பைத் தடுக்கும் கோட்டிங் மட்டும் உண்மையிலேயே நல்லது, எதிரே வரும் லாரி லைட்டின் பிசிறல் குறையும். ஆனால் வெயிலில் நிற்கும் பைக் டேங்க் கவரில் கண்ணாடியை வைத்தால் கோட்டிங் பொடிப்பொடியாக வெடித்துவிடும், வாரண்டியில் மாற்றித் தருவார்கள் என்று நம்ப வேண்டாம்.

மைனஸ் பவர் கூடியவர்களுக்கு விழித்திரை கிழியும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம், லாசிக் செய்தாலும் அது போகாது. திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கருப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும், கண்ணாடிக் கடைக்கு இல்லை, விழித்திரை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு. எதுவும் இல்லாவிட்டாலும் வருஷம் ஒரு தடவை சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள், சாயங்காலம் வரைக்கும் கண் கூசும்.