மேட்டுல கராஜ் வச்சிருக்கிறவங்க கம்பிரசர் வாங்க முன்னால இத வாசிங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா. முழுக்கச் சீட்டுக் காசு.

நுவரெலியாவுல சின்ன பெயின்ட் கராஜ் என்னோடது. பழைய கம்பிரசரோட ஹெட் போனதால, போன மாசம் கொழும்புல மெஷின் விக்கிற ஒரு கடைக்குப் போனேன். ஸ்டிக்கர்ல 12 சீஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 12 கன அடி காத்து, 100 லீட்டர் டேங்க். நான் கேக்காமலா வாங்கினேன்? "முதலாளி, எங்க ஊரு ஆறாயிரம் அடிக்கு மேல, அங்க இழுக்குமா?"ன்னு கேட்டேன்.

சிரிச்சார். "காத்து எங்கயும் காத்துதானே தம்பி? எங்கம்மா ஊரே மஸ்கெலியா. நம்ம ஆளுக்குப் பொய் சொல்வேனா?" பிளேன்டி வந்துச்சு. சுவிட்சைப் போட்டு, ஹோஸ் வாயை என் உள்ளங்கையில புடிச்சுக் காட்டினார். பளீர்னு அடிச்சுது. அவரும் மலைக்காரர்னு நினைச்சு, அந்த மஸ்கெலியாப் பேச்சுலதான் நான் விழுந்தேன். பேரம்கூடப் பேசல.

முதல் வேலை ஒரு வேன் பொனட். பாதிக்கு வர முன்னமே பெயின்ட் கன் துப்புது, மேல அடிக்கிற கிளியர் கோட் தோடம்பழத் தோல் மாதிரி. மோட்டர் நிக்காம ஓடி, கை வைக்க முடியாத சூடு.

ஃபோன் அடிச்சேன். "வோல்டேஜ் குறைவா இருக்கும்." பார்த்தாச்சு, 230 சரியா நிக்குது. "பெல்ட் லூசு." இல்ல. "ஒயில் மாத்துங்க." மாத்தினேன். பிறகு ஃபோட்டோ அனுப்பினா ரெண்டு நீலக் கோடு மட்டும். வேற நம்பர்ல அடிச்சப்ப கடைப் பையன் சொல்றான்: "மலையில ஓட்டினா வொரண்டி இல்லையாம் அண்ணே." அன்னைக்குக் காத்து எங்கயும் காத்து!

ஹட்டன்ல மெஷின் வேலை செய்ற மச்சான் வந்து நேரம் புடிச்சார். ஸ்டிக்கர் உண்மைன்னா காலி டேங்க் 8 பார் அழுத்தத்துக்கு ரெண்டரை நிமிஷத்துக்குள்ள ஏறணும். அஞ்சு நிமிஷம் எடுத்துச்சு. அந்த 12, பிஸ்டன் உள்ள ஏறி இறங்குற இடத்தோட கொள்ளளவை வச்சுப் போட்ட கணக்காம். வெளிய வர்ற காத்து கொழும்புலயே அதைவிட நல்லாக் குறைவு. அதுக்கு மேல எங்க ஊரு 1868 மீட்டர், காத்தழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கம்மி. பிஸ்டன் ஒவ்வொரு இழுப்புக்கும் அவ்வளவு மெல்லிசான காத்தைத்தான் புடிக்குது. 8 பார் வர கீழ 9 மடங்கு நெரிச்சாப் போதும், இங்க 11 மடங்கு. ஹெட் சுடாம என்ன செய்யும்? குளிர் காத்து கனமாச்சேன்னு நானும் கேட்டேன். 30 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் நூத்துக்கு அஞ்சுதான் வித்தியாசமாம். விடியக்காலையில அந்தக் குளிரே ஒயிலைக் கித்துள் பாணி மாதிரி ஆக்கி, மோட்டர் உறுமிட்டு நின்னுடுது.

வாங்கப் போறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. வெளிய வர்ற காத்து எவ்வளவுன்னு கேளுங்க, அதுலயும் அஞ்சுல ஒண்ணைக் கழிங்க. சாதாரண மோட்டர் 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் கணக்கு, அதுக்கு மேலன்னா ஒரு சைஸ் பெருசாப் பாருங்க. பில்லுல ஊர் பேரை எழுத வைங்க. என் பில்லுல "மெஷின் 1, ரூபா 1,85,000", அவ்வளவுதான். ஆ, டேங்க் தண்ணியை தினம் திறந்து விடுங்க, இந்த மிஸ்டுக்கு எனக்கு அரைக் கோப்பை வருது.

நுகர்வோர் அதிகார சபையோட 1977 நம்பருக்கு அடிச்சு முறைப்பாடு குடுத்திருக்கேன். வேன்காரர் நாளைக்கு வர்றார். பொனட்டைத் திரும்பத் தேய்ச்சு அடிக்கணும், என் காசுல.