டல்லஸ் சிப் செத்தால் என்ன போடுவது?

திருகோணமலை உவர்மலையில் ஒரு சின்ன அறையில், மின் சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் பழைய ஒசிலோஸ்கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவன் நான். பிற்காலத்து டெக்ட்ரோனிக்ஸ் 2465பி போன்றவற்றில் கலிபிரேஷன் எண்கள், அதாவது அளவைச் சரியாகக் காட்ட வைக்கும் திருத்த எண்கள், இருப்பது டல்லஸ் நிறுவனத்தின் டிஎஸ்1225 என்ற 28 கால் சிப்பில். 8 கிலோபைட் நினைவகமும் லிதியம் பற்றரியும் ஒரே கறுப்புக் கட்டிக்குள். தயாரித்தவர்கள் உறுதி சொன்னது 10 வருடத்துக்கு. பல சிப்புகள் 30ஐத் தாண்டிவிட்டன. பற்றரி செத்து எண்கள் அழிந்தால் திரும்ப அளந்து எழுதத் துல்லியமான சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். திருகோணமலையில் அதை எங்கே போய்த் தேடுவது? ஆகவே எந்த வழிக்குப் போனாலும் முதலில் சிப்பைக் கழற்றி, புரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) இரண்டு மூன்று தடவை படித்து ஒப்பிட்டு, கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சிப்பைப் புதிதாக வாங்குவது தலைவலி குறைந்த வழி. ஆனால் அசலுக்குக் காசு அதிகம். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று ஒன்று வாங்கினேன். எழுத்தெல்லாம் பளபளவென்று இருந்தது. எழுதிவிட்டு இரவு முழுக்க மேசையில் வைத்தேன், காலையில் வெறும் குப்பை. பழைய சிப்புக்குப் புது மை பூசியிருக்கிறார்கள்.

கட்டியைக் கீறி, செத்த பற்றரியைத் துண்டித்து, வெளியே சிஆர்2032 என்ற பட்டன் பற்றரியைப் பொருத்துவது ஆக மலிவு. ஒருமுறை செய்தேன். கடல் காற்றில் பற்றரித் தகடு சீக்கிரமே பச்சை பிடித்தது. கடிகாரமும் சேர்ந்த டிஎஸ்1287 போன்றவற்றுக்கு வேண்டுமானால் இது சரி, ஏனென்றால் அடுத்து நான் சொல்லும் எஃப்ராமுக்கு நேரம் காட்டத் தெரியாது.

எனக்குப் பிடித்தது, கரண்ட் போனாலும் எண்களை மறக்காத நினைவகமான எஃப்ராம்தான்: எஃப்எம்16டபிள்யூ08, ஒரு குட்டி அடாப்டர் பலகையில். பற்றரியே கிடையாது. ஆனால் இரண்டு சிக்கல்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் சிப் எனேபிள் கோடு (சிப்பை வேலைக்கு எழுப்பும் கால்) ஒருமுறை மேலே போய்க் கீழே வர வேண்டும். அதைக் கீழேயே பிடித்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றும் கருவியில் இது பிழையாகவே படிக்கும். அடுத்தது கரண்ட் போகும்போது. டல்லஸ் சிப் சுமார் 4.5 வோல்ட்டிலேயே எழுதுவதைத் தடுத்துவிடும், இதுவோ 2.7 வரை விழித்திருக்கும். அந்த இடைவெளியில் பிராசஸர் தடுமாறினால் எண்கள் மேல் குப்பை விழலாம். அந்த எனேபிள் கோட்டில் வோல்ட் குறைந்ததும் எழுதுவதைத் தடுக்கும் ஒரு வோல்டேஜ் சூப்பர்வைசர் சிப் வைத்தால் பயமில்லை. அதைச் செய்யக் கை வராதவர்கள் காசு போனாலும் அசல் டல்லஸையே போடுங்கள்.

எதைப் போட்டாலும் போர்டில் நேராகச் சோல்டர் வைக்காமல் 28 கால் சாக்கெட் போடுங்கள். கோப்பின் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, ஸ்கோப்பின் மூடிக்குள்ளேயே ஒட்டிவிடுவது என் வழக்கம்.