குன்னூரில் ஒரு மாடி நகைக்கடை: புடவையைக் கேட்டுவிட்டு நகையைக் காட்டுகிறார்கள்

நகைக்கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை சவரன்ல பாக்கறீங்க?" என்று கேட்பதுதான் வழக்கம். குன்னூர் மார்க்கெட்டை ஒட்டி மாடியில் இருக்கும் இந்தக் கடையில் அப்படிக் கேட்கவில்லை. "என்ன விசேஷம் டீச்சர்? எந்த ஊர்ல? என்ன புடவை கட்டப் போறீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்லி முடித்த பிறகுதான் முதல் தட்டே மேஜைக்கு வந்தது. இந்தக் கேள்விகளுக்காகவே கடையைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

தங்கை மகளுக்கு மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். பெரியம்மா என்ற முறையில் மேடை ஏற வேண்டியவள் நான். எனக்குக் கழுத்து குட்டை, கண்ணாடி போடுகிறவள், பள்ளிக்கூடத்துக்குப் பட்டன் தோடும் மெல்லிய சங்கிலியும் போதும் என்று இருப்பவள். கல்யாணத்துக்குப் போகும்போது வேறு யாரோ மாதிரி ஆகிவிடக்கூடாது, அதே நேரம் பெரியம்மா வெறுங்கழுத்தாக நின்றாள் என்றும் பேச்சு வரக்கூடாது.

கடையில் நகை காட்டும் பெண் கோத்தகிரிப் பக்கத்துப் படகர் வீட்டுப் பெண். கையோடு கொண்டுபோன பட்டுப்புடவையைக் கண்ணாடி மேஜைமேல் விரிக்கச் சொன்னாள். அரக்கு நிறக் காஞ்சிபுரம், உள்ளங்கை அகலத்துக்குச் சரிகைக் கரை. நான் ஆசைப்பட்டுக் கேட்டது சிவப்புக் கெம்பு அட்டிகை. எடுத்து வைத்தாள், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே பச்சைக்கல் பதக்கம் வைத்த ஒரு நீள ஆரத்தையும் புடவை மேல் போட்டாள். பார்த்த உடனே புரிந்தது. அரக்கு நிறத்தில் சிவப்புக் கல் அடங்கிப் போய்விடுகிறது, பச்சை தனியாக எழுந்து நிற்கிறது. அட்டிகை கழுத்தை இறுக்கிப் பிடித்து இன்னும் குட்டையாகக் காட்டியது. மார்பு வரை இறங்கும் ஆரம் பார்வையைக் கீழே இழுக்கிறது. "கரையே இவ்வளவு கனமா இருக்கு டீச்சர், பதக்கம் சின்னதா இருந்தா போதும்" என்றாள். கனமான சரிகைக்குக் கனமான நகையைச் சேர்த்தால் இரண்டும் எடுபடாது என்று நானும் நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டுமோ அது ஒன்று போதும்.

முழு உயரக் கண்ணாடி இருப்பது இன்னொரு நல்ல விஷயம். பல கடைகளில் முகம் மட்டும் தெரிகிற கண்ணாடியைத் திருப்பிக் காட்டுவார்கள். அதில் நெக்லஸ் அழகாகத்தான் தெரியும். புடவை, ரவிக்கைக் கழுத்து, ஆளின் உயரம் எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கிறது என்பது நின்று பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து ஜிமிக்கி. இங்கேதான் இந்தக் கடை என் மனதைப் பிடித்தது. மாட்டல் வேண்டும் என்றேன். கண்ணாடியின் காம்பும் மாட்டல் சங்கிலியும் காதுக்குப் பின்னால் ஒரே இடத்தில் உட்காரும், ஒவ்வொரு முறை கண்ணாடியைக் கழற்றும்போதும் இழுக்கும் என்று போட்டுக் காட்டியே சொன்னாள். சரி, மாட்டல் வேண்டாம். அப்படியானால் ஜிமிக்கி எடை குறைவாக இருக்க வேண்டும். இரண்டு ஜோடி எடுத்து, விளிம்பில் தொங்கும் குட்டி மணிகளைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு மணியும் ஒரு கம்பி வளையத்தில் கோத்திருக்கிறது. முதல் ஜோடியில் அந்தக் கம்பியின் வாய் முழுதாக மூடாமல் மயிரிழை இடைவெளி இருந்தது. என் சால்வையின் ஓரத்தை அதன்மேல் மெல்ல இழுத்தாள், கம்பளி நூல் உடனே மாட்டிக்கொண்டது. இரண்டாவது ஜோடியில் வளையத்தின் வாயைப் பற்றவைத்து அடைத்திருந்தார்கள். நூல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

வருஷத்தில் பெரும்பாலான நாள் ஸ்வெட்டரும் சால்வையுமாக இருக்கிற ஊர் நம்முடையது. இங்கே நகை வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கழுத்துவரை மூடிய ஸ்வெட்டருக்குள் நெக்லஸ் யாருக்கும் தெரியப் போவதில்லை. முழுக்கைக்குள், மேல்கையில் போடும் வங்கி தெரியாது. வெளியே தெரிவது காதும் மூக்கும் விரலும்தான். அதனால் தினசரிக்கு என்றால் காசைத் தோட்டிலும் மூக்குத்தியிலும் போடுங்கள் என்பேன். கூர்முனை உள்ள நட்சத்திர வடிவங்களைத் தவிர்த்து, விளிம்பு மழுங்கிய வட்டத் தோடாக எடுங்கள். திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே நாலு தடவை கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். குல்லாவைக் கழற்றும்போது தோடு சேர்ந்து வந்து தொலைந்தது என்ற புலம்பலை எங்கள் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கலாம்.

கடை விளக்கில் தங்கம் எப்போதும் மஞ்சளாக மின்னும், வெள்ளைக் கல்லுக்குத் தனியாக வெள்ளை விளக்கு போட்டிருப்பார்கள். வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றேன். முகம் சுளிக்காமல் ஜன்னல் பக்கம் கொண்டு வந்து காட்டினார்கள். பிற்பகலில் குன்னூரில் மூட்டம் இறங்கிவிட்டால் எந்தக் கல்லும் மங்கலாகத்தான் தெரியும். அதனால் கல் நகை எடுப்பவர்கள் காலை பதினோரு மணி வாக்கில் போவது நல்லது.

ஜனவரியில் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குத் தோழி வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அதையும் கேட்டு வைத்தேன். அங்கே எல்லோரும் வெள்ளை உடுத்தி வருவார்கள். அந்தப் பெண் சட்டென்று சொன்னாள்: "அன்னைக்கு ஆரமெல்லாம் வேண்டாம் டீச்சர். இப்ப போட்டிருக்கிற சங்கிலியே போதும், வேணும்னா சிவப்புக் கல் தோடு ஒண்ணு போட்டுக்கோங்க." விற்க வந்த இடத்தில் வாங்காதே என்று சொல்லும் ஆள் எத்தனை கடையில் இருக்கிறார்கள்? வெள்ளைத் துணிமேல் ஒரு துளிச் சிவப்பு எவ்வளவு அழகு என்பது பண்டிகை அன்று போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. கும்பிடப் போகிற இடத்தில் நகை அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது எங்கள் பங்கு. அளவுக்காக, அவர் இங்கே வந்திருந்தபோது காலையில் எடுத்த நூலைக் கொண்டு போயிருந்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, "பையன் எந்த ஊர்ம்மா?" என்றார். கோயம்புத்தூர் என்றேன். "இங்க குளிர்ல விரல் சுருங்கி இருக்கும். கீழ போனா இறுக்கும். அங்கயே மத்தியானம் ஒரு அளவு எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றார். அங்கிருந்து வந்த அளவு கொஞ்சம் பெரியதாகத்தான் இருந்தது. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே கல்யாண சம்பந்தம் செய்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி கணக்கு. ஹால்மார்க்கை லென்ஸ் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22கே916 (22 காரட், அதாவது 91.6 சதவீதம் தங்கம்) என்ற தரக்குறி, அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி என்ற நகையின் தனி அடையாள எண், இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையை 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கக்கூடாது. 2 கிராமுக்குக் கீழே உள்ள மூக்குத்தி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வரும். கடையிலேயே நின்று ஆரத்துக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.

எனக்குக் குறை தோன்றியது கல் எடையில். ஆரத்தின் சீட்டில் மொத்த எடை மட்டும்தான் இருந்தது. கல்லுக்குத் தங்க விலை கொடுக்க யாருக்கும் மனசு வராது. கேட்ட பிறகு கல் எடையைக் கழித்து, நிகர எடையைத் தனியாக எழுதி, கல்லுக்கு வேறு விலை போட்டார்கள். கேட்காமலே சீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆரத்துக்குச் சேதாரம் 16 சதவீதம் சொன்னார்கள், பேசி 13க்கு வந்தது. கீழே கோவையில் பெரிய கடைகளில் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம். ஆனால் அந்த வேகத்தில், அந்தக் கூட்டத்தில், என் புடவையை விரித்துப் பார்க்க அங்கே யாருக்கு நேரம் இருக்கும்? நான் கொடுத்த கூடுதல் காசு இந்தப் பொறுமைக்கு என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தத் தொகைமேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி, பில்லில் எல்லாம் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருந்தது.

பழைய சங்கிலி ஒன்றையும் மாற்றினேன். மிஷினில் வைத்துக் காரட் பார்த்து, என் கண் முன்னால் எடை போட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மகளுக்குத் தங்கத்தில் நாட்டமே கிடையாது. ஜீன்ஸுக்கும் கைத்தறிக் குர்தாவுக்கும் அவள் போடுவது வெள்ளிதான். 925 வெள்ளியில் (92.5 சதவீதம் வெள்ளி) ஒரு காப்பும் கறுப்பேற்றிய தொங்கட்டானும் எடுத்தாள். அவளுக்கு நீளக் கழுத்து, தொங்கட்டான் நன்றாகவே பொருந்துகிறது. ரிசப்ஷனுக்கும் அதையேதான் போடுவேன் என்றாள். நீலப் புடவை, வெள்ளிச் சரிகை. நான் தடுக்கவில்லை, தங்கத்தைவிட அதுதான் அந்தச் சரிகையோடு சேர்ந்தது. ஆனால் நம் ஊர் ஈரத்தில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். காற்றுப் புகாத ஜிப் கவரில், கூட ஒரு சாக்பீஸ் துண்டு போட்டு வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கறுப்பேற்றிய நகையை மட்டும் பாலீஷ் துணியால் தேய்க்கக் கூடாது, வேலைப்பாட்டின் நிழலே போய்விடும். முத்து வாங்கினால் சென்ட் அடித்து முடித்த பிறகு கடைசியாகப் போட்டுக்கொண்டு, கழற்றும்போது முதலில் கழற்றி மென்துணியால் துடைத்து வையுங்கள்.

இந்தக் கடையில் எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. வைரமும் பிளாட்டினமும் பெயருக்குத்தான். நாகர்கோவில் வடசேரிப் பாணி டெம்பிள் நகை செட் கல்யாணப் பெண்ணுக்குக் கேட்டோம், ஒரே ஒரு மாதிரிதான் இருந்தது. அதற்குக் கோவைக்குத்தான் போனோம். தோட்டின் திருகாணியை மாற்றித் தரச் சொன்ன நாளுக்குத் தரவில்லை, பத்தர் ஊரில் இல்லை என்று இழுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் தேதி சொன்னால் தேதிக்குக் கொடுக்க வேண்டும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். வயதானவர்களை அழைத்துப் போவதானால் யோசித்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த இடமே கிடையாது, பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து போவதுதான் சுலபம்.

போகும்போது புடவையோடு ரவிக்கையையும் எடுத்துப் போங்கள், தைத்த ரவிக்கையாக. கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதைப் பார்த்துத்தான் ஆரத்தின் நீளத்தை அவர்கள் சொல்கிறார்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்க பின்னால் இரண்டு வளையம் கூடுதலாக வைத்துத் தரச் சொன்னால் அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை.