ஹால் ஸ்டிக் மாற்றிய பிறகு: டிரிஃப்ட் போச்சு, மெதுநடையும் போச்சு

கேம் கன்ட்ரோலரில் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போட்டாயே, எப்படி இருக்கு, நானும் மாத்தலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஹால் ஸ்டிக் என்றால், சாய்வைக் காந்தத்தை வைத்து அளக்கும் ஸ்டிக். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

டிரிஃப்ட், அதாவது தொடாமலே ஸ்டிக் சாய்ந்ததாகக் காட்டும் கோளாறு, அறவே இல்லை. கை எடுத்தால் கேமரா அப்படியே நிற்கிறது. பழைய பொட்டென்ஷியோமீட்டர் (மின்தடை மாறுவதை வைத்துச் சாய்வை அளக்கும்) மாட்யூலில், கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு ஓயாமல் உரசும். நாம் அதிகம் புழங்குவது நடுப்பகுதி, சீக்கிரம் தேய்வதும் அங்கேதான். தேய்ந்ததும் நடு மின்னழுத்தம் நகர்ந்து, கதாபாத்திரம் தானாக நடக்கத் தொடங்கும். ஹாலில் காந்தமும் சென்சாரும் தொட்டுக்கொள்வதே இல்லை. சேகா கம்பெனியின் கேம் கன்சோல்களில், 1996-இல் வந்த சாட்டர்ன் 3டி பேடும், 1998-இல் வந்த ட்ரீம்காஸ்ட்டின் கன்ட்ரோலரும் இதைத்தான் வைத்திருந்தன. அப்போதே இருந்ததை விட்டுவிட்டு, தேயும் பாகத்தை இத்தனை வருஷம் நம் தலையில் கட்டினார்களே என்று நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

ஆனால் மெதுவாக நடக்க முடியவில்லை.

ஒளிந்து போகிற கேம்களில் ஸ்டிக்கைக் கால்வாசி சாய்த்து, சத்தமில்லாமல் நகர்வது எனக்கு உயிர். இந்த மாட்யூலில் நடுவிலிருந்து கிளப்பவே ஒரு அழுத்தம் வேண்டியிருக்கிறது. அதைத் தாண்டியதும் விரல் தேவைக்கு மேல் போய்விடுகிறது. அதோடு, ஓரம் வரை சாய்ப்பதற்கு முன்பே முழு வேகம் எட்டிவிடுகிறது; சென்சார் தரும் மின்னழுத்த அளவு பழைய போர்டு எதிர்பார்ப்பதோடு ஒத்துவரவில்லை. கேலிபரேட் செய்தேன், டெட்ஸோனை (நடுவில் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதியை) குறைத்தேன். வேகம் சரியானது, அந்த முதல் அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது.

ஹாலைக் குறை சொல்வது நியாயமில்லை. விரலுக்குத் தெரிவது ஸ்பிரிங்கும் அதன் கீழே இருக்கும் பிளாஸ்டிக் அமைப்பும்தான், சென்சார் இல்லை. நல்ல ஸ்பிரிங் வைத்த ஹால் மாட்யூல் கிடைத்தால் இந்தப் புகாரே இருக்காது. ஸ்டிக்கின் தலை மட்டும் அருமை: நடுவில் குழிந்து, சுற்றிலும் விளிம்பு. வியர்த்த கட்டைவிரல்கூட வழுக்குவதில்லை.

இருந்தாலும் நண்பருக்கு என் பதில்: மாத்தாதீங்க. 14 முனைகளையும் சால்டர் எடுத்து மாட்டுகிற அந்த வேலையை, பழைய ரகத்திலேயே ஒரு புது மாட்யூலுக்காகச் செய்யுங்கள். அது திரும்பத் தேயும். தேயும்வரை மெதுவாக நடக்கலாம்.