ஊருக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர் கொண்டுபோகிறவர்களுக்கு: சென்னை, கும்பகோணம் அனுபவம்

முடக்குவாதம் வந்த பிறகு லண்டனில் மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சின்ன பேட்டரி வண்டி, இல்லாமல் நான் கடைத்தெருப் பக்கம் போவதில்லை. ஊருக்குப் போனால் மட்டும் யாராவது தள்ளிக்கொண்டு போகட்டும் என்று ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? இந்த முறை வண்டியையும் கூடவே கொண்டுபோனேன். தாராளமாகக் கொண்டுபோகலாம், ஆனால் வாங்கும்போதே நம்மூர் டாக்சியையும் வேகத்தடையையும் மனதில் வைத்து வாங்குங்கள்.

கடையில் போய் நின்றால் எத்தனை மைல் ஓடும், சீட் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்றுதான் சொல்வார்கள். நாம் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. கழற்றக்கூடிய லித்தியம் அயான் பேட்டரி என்றால் 300 வாட்-அவருக்கு (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) மேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், கழற்றிய பேட்டரியை நம் கையோடு கேபினுக்குள்தான் எடுத்துப்போக வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: என்னுடையது 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர், ஆக 240. டிக்கெட் போட்டவுடனே வண்டியின் நீள அகலம், எடை, பேட்டரி விவரம் எல்லாவற்றையும் விமான நிறுவனத்துக்கு எழுதி, சரி என்று அவர்கள் அனுப்பிய மெயிலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். பாதுகாப்புச் சோதனையில் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் விட்டார். இன்னொன்று, நீண்டகால நோய் உள்ளவர்கள் பிரிட்டனில் இந்த வண்டியை வாட் (VAT) என்னும் விற்பனை வரி இல்லாமல் வாங்கலாம், அதற்கு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது எடை. அப்படியே மடிக்கும் வண்டியா, துண்டு துண்டாகக் கழலும் வண்டியா என்று எல்லோருக்கும் குழப்பம் வரும். கழலுவதையே வாங்குங்கள் என்பேன், காரணம் கார் ஓடுவதற்கான சிஎன்ஜி எரிவாயு சிலிண்டர். சென்னையில் செயலி மூலம் கூப்பிட்ட டாக்சிகளில் டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தில் சிலிண்டர்தான் படுத்திருக்கிறது. மடித்த வண்டி அதில் நுழையவே நுழையாது. என் வண்டியில் பேட்டரியை டிக்கியிலும் சீட்டை முன்னாலும் மோட்டார் உள்ள பின்பாகத்தைக் கால்மாட்டிலும் வைத்துச் சமாளித்தோம். வெளியூர்ப் பயணத்துக்குப் பேசாமல் இன்னோவா சொல்லிவிடுங்கள், கூடுதல் காசுக்குத் தகும்.

சென்னையில் மெட்ரோதான் எனக்கு மிகவும் பிடித்தது. லிஃப்டில் இறங்கி, பிளாட்பாரத்திலிருந்து நேராகப் பெட்டிக்குள் ஓட்டிக்கொண்டு போனேன், யார் கையையும் பிடிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த தாழ்தளப் பேருந்துகளிலும் சாய்தளம் இருக்கிறது, நடத்துநரே இறங்கி விரித்துவிட்டார். ஆனால் நிறுத்தம் வரைக்கும் போகிற நடைபாதையில் பைக் நிற்கிறது, இளநீர் வண்டி நிற்கிறது, மின்பெட்டி நிற்கிறது. பேருந்துக்குச் செலவழித்ததில் கொஞ்சமாவது அந்த நடைபாதைக்கும் போக வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதைக்கும் போனேன். திறந்த அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பெயர்த்துப் போட, அப்புறம் சரிசெய்தார்கள். 263 மீட்டர் பாதை அது, பலகை இடுக்குகளில் சின்னச் சக்கரம் தடதடக்கிறது. இருந்தாலும் மணலில் புதையாமல் அலைக்குப் பக்கத்தில் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படி, மொத்தம் ஒரு அடி உயரம். சாய்தளத்துக்குச் சொல்லப்படும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அப்படிப் பார்த்தால் 12 அடி நீளம் வேண்டும். வெல்டிங் பட்டறைத் தம்பி டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நேரா வச்சா தெருவுல போய் நிக்கும், லாரி ஏத்திடுவான். திண்ணையோரமா சாய்ச்சு வச்சுருவோம்" என்றார். திண்ணையோரம் 9 அடிதான் கிடைத்தது. வண்டியின் கையேட்டில் 8 டிகிரி வரை ஏறலாம் என்று இருந்தது, எங்கள் சாய்வு 6 டிகிரியை ஒட்டி வந்ததால் சரி என்றேன். வழுக்காத செக்கர் பிளேட் போட்டு, ஓரத்தில் சக்கரம் நழுவாமல் இரண்டு விரல் உயரத்துக்குப் பட்டை வைத்து, மறுநாள் காலையில் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அம்மாவுக்கும் இனி அதுதான் வழி.

தெருவில் ஒரே எதிரி வேகத்தடை. பயண ஸ்கூட்டர்களின் அடிப்பாகம் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும், எங்கள் தெரு மேடு அதைவிட உயரம். நடுவில் ஏறினால் வயிறு தட்டி நின்றுவிடும், ஓரத்தில் தார் சரிந்திருக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும். அங்கேயும் குறுக்கே சாய்ந்து ஏறாதீர்கள், மூன்று சக்கர வண்டி கவிழ்ந்துவிடும். நான்கு சக்கரம் திரும்புவதற்கு அதிக இடம் கேட்டாலும் நம் ரோட்டுக்கு அதுதான் பத்திரம்.

கோயில்களில் சொந்த வண்டியை உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் முதியவர்களுக்குப் பேட்டரி கார் ஓடுகிறது, அதில் போய்க்கொள்ளலாம்.

ஊரிலேயே இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்க நினைப்பவர்கள் இங்கிருந்து சுமக்க வேண்டாம். சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷன் நிறுவனத்தின் நியோபோல்ட்டைப் பாருங்கள். அவர்களுடைய சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டும் மோட்டார் அது, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். பெரிய சக்கரம் என்பதால் நம் மேடுபள்ளத்துக்கும் பொருந்தும். கையில் தெம்பும் நிமிர்ந்து உட்காரும் வலுவும் இருப்பவர்களுக்கு ஏற்றது, அம்மாவுக்கு ஒத்துவராது.

சார்ஜருக்குப் பிளக் அடாப்டர் ஒன்று போதும், மின்னழுத்தம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான். போவதானால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்குகிற தண்ணீருக்கு இந்த வண்டியின் மோட்டார் தாங்காது.